மூன்றாம் பெஞ்சுச் சிரிப்பு

இறந்துபோன என் கணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆராதனையில் சிரித்தார்.

நான் அப்போது வேலைக்குக் கட்டும் புடவையைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்துப் போதகரின் பிரசங்கத்தை ஓடவிட்டிருந்தேன். எங்கள் ஆலயத்தின் கூரை ஒரு மழையில் இறங்கிவிட்டது. புதுக் கூரை போட்டு முடிக்கும்வரை யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று பொறியாளர் சொல்லிவிட்டார். அதனால் போதகர் தன் அலுவலக அறையில் தனியாக நின்று பேசுவார். அதைப் படம் பிடித்து ஞாயிறுதோறும் எல்லாருக்கும் அனுப்புவார்கள்.

எங்கள் போதகருக்கு நகைச்சுவை என்றால் உயிர். நகைச்சுவைக்குத்தான் அவரைக் கண்டால் ஆகாது. அன்றைக்குத் தண்ணீரின் மேல் நடந்த சீடரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். “அந்தச் சீடரோட மனைவி கரையில நின்னு என்ன சொல்லியிருப்பா? ‘செருப்பைக் கழட்டிட்டு நடங்க, நனைஞ்சிடப் போகுது’ன்னு சொல்லியிருப்பா” என்றார். சொல்லிவிட்டு, வழக்கம்போல, தானே முதலில் பல்லைக் காட்டினார்.

அப்போதுதான் அது கேட்டது. முதலில் மூச்சை உள்ளே இழுக்கும் ஒரு விசில். பிறகு துருப்பிடித்த இரும்புக் கதவைத் தள்ளித் திறந்த மாதிரி ஒரு முழக்கம். கடைசியில் இருமலில் போய்த் தேய்ந்து நிற்கும் ஒரு இழுவை. அதன் பின்னாலேயே சபை முழுவதும் சிரித்தது.

நான் ஒரு பெரிய மருத்துவமனையில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கிறவள். நாள் முழுக்கக் காதில் குரல்தான். எந்த வார்டு, எந்த டாக்டர், யார் அழுது முடித்துவிட்டுப் பேசுகிறார், யார் பொய் சொல்கிறார் என்று ‘ஹலோ’விலேயே சொல்லிவிடுவேன். முகம் மறந்துபோகும், குரல் மறக்காது. அந்தச் சிரிப்போடு முப்பது வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்கா தெரியாது?

புடவை கருகும் நாற்றம் வந்த பிறகுதான் தேய்ப்புப் பெட்டியைத் தூக்கினேன். முந்தானையில் பழுப்பாக ஒரு முக்கோணம். அதைப் பார்த்துக்கொண்டே கீழே உட்கார்ந்தேன். கைபேசியை எடுத்துப் பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டேன். அவர்தான். இன்னொரு தடவை கேட்கத் தைரியம் வரவில்லை.

அவர் லிஃப்ட் மெக்கானிக். வாரம் முழுக்க லிஃப்ட் குழிக்குள் ஒரு டார்ச்சோடு தனியாகக் கிடக்கிற மனிதர். மேலே ஏறி வந்ததும் யாரைப் பார்த்தாலும் சிரிப்பு வந்துவிடும். ஆலயத்தில் அவருக்கு ‘இடி’ என்று பெயர். நானோ ஆராதனையில் மூக்கு அரித்தாலும் சொறியக் கூடாது என்று சொன்ன அப்பாவுக்குப் பிறந்தவள். கடவுளுக்கு முன்னால் பல்லைக் காட்டுவது, கல்லறையில் உட்கார்ந்து கடலை கொறிப்பது மாதிரி எனக்கு. அவர் வாயைத் திறந்தால் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளி ‘உஷ்’ என்பேன். முப்பது வருடமும் மூன்றாம் பெஞ்சில் எனக்கு இதுதான் ஊழியம்.

வீட்டுக்கு வரும் வழியில் சண்டை பிடிப்பேன். “கடவுள் என்ன ஆபீஸ் மேனேஜரா? சிரிச்சா சம்பளத்துல பிடிச்சுக்குவாரா?” என்பார். “பிள்ளை பிறக்கும்னு கேட்டுக் கூடாரத்துக்குள்ள நின்னு சிரிச்ச கிழவியை வேதத்துல அப்படியே விட்டுத்தானே வெச்சிருக்காங்க, வெட்டி எடுத்துட்டாங்களா?” என்பார். வாய்க்கு வாய் பேசுவதில் அவரை ஜெயிக்க முடியாது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மாரடைப்பில் ஒரே நாளில் போய்விட்டார். அடக்க ஆராதனையில் போதகர், “ஒருநாள் நம்ம அண்ணன் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்ட ஒரு கல்யாணப் பொண்ணுகிட்ட என்ன சொன்னார்னா…” என்று ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு ஜெபத்துக்குப் போய்விட்டார். அன்றைக்கு ஆலயத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அந்த வாரமே கூரையும் இறங்கிவிட்டது.

அப்படிப்பட்ட மனிதர் மண்ணுக்குள் போன பிறகு செருப்பு ஜோக்குக்குச் சிரிக்கிறார் என்றால் எப்படி இருக்கும்? பயம் போய் ஆத்திரம் வந்தது. என் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அவருடைய ஒரே தங்கை, இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள்.

“இன்னைக்கு ஆராதனை பார்த்தியாம்மா?”

மறுமுனையில் அவள் டி.வி. சத்தத்தைச் சட்டென்று குறைத்தாள். அந்த அவசரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது.

“பார்த்தேன் அண்ணி.”

“கேட்டியா?”

“கேட்டேன். போன வாரமும் கேட்டேன். அதுக்கு முந்தின வாரமும் கேட்டேன்.”

“என்னடி சொல்ற?”

“கூரை விழுந்ததுல இருந்தே அண்ணன் சிரிச்சிட்டுத்தான் இருக்கார் அண்ணி. நீங்கதான் ஆலயம் மூடினதும் ஞாயித்துக்கிழமை டூட்டி கேட்டு வாங்கிட்டீங்க. இந்த வாரம்தான் உங்களுக்கு லீவு.”

“எனக்கு ஏன் சொல்லல?”

“சொன்னா நிறுத்தச் சொல்லிடுவீங்க.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “எல்லாருக்கும் தெரியும் அண்ணி. யாரும் உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு பேசி வெச்சிருக்கோம். அழிக்கச் சொல்லிடாதீங்க, உங்க கால்ல விழறேன்.”

சபையே சேர்ந்து என் புருஷனின் சிரிப்பை எனக்குத் தெரியாமல் பதுக்கி வைத்திருக்கிறது. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேராகப் போதகரின் அலுவலகத்துக்குப் போனேன். பக்கத்தில் ஆலயத்தின் மேல் ஆட்கள் இரும்புச் சட்டங்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். உள்ளே போதகர் அடுத்த வாரப் பிரசங்கத்துக்கு நின்றுகொண்டிருந்தார். எதிரே கேமராவுக்குப் பின்னால் ஒயர்காரர். கடைகளுக்குக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவது அவர் தொழில், ஆலயத்தின் ஒலிபெருக்கி அவர் ஊழியம். இருவரும் என்னைக் கண்டதும் திருடி மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி நின்றார்கள்.

“செத்தவரை வெச்சுச் சிரிப்புக் காட்டுறீங்களா பாஸ்டர்?” என்றேன்.

போதகர் மைக்கைச் சட்டையிலிருந்து கழற்றினார். “முதல் வாரம் இந்தச் சுவத்தைப் பார்த்துப் பேசினேன் அக்கா. ஒரு ஜோக் சொல்லிட்டு நின்னா, ஃபேன் சத்தம் மட்டும்தான் கேக்குது. எனக்கு அடுத்த வசனமே மறந்துபோச்சு. பழைய ஆராதனையில இருந்து கொஞ்சம் ஆள் சத்தம் எடுத்துச் சேருங்கன்னு நான்தான் சொன்னேன்.”

“யாரோட சத்தம்னு தெரியாதா?”

“கேட்டதும் தெரிஞ்சுது.” அவர் தரையைப் பார்த்தார். “உங்ககிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். ஆனா அண்ணன் சிரிச்சா எனக்குப் பேச்சு வருது.”

ஒயர்காரர் தொண்டையைச் செருமினார். “அண்ணன் சிரிப்பு இல்லாத பதிவே இல்லக்கா. மூணாவது பெஞ்சுக்கு நேர் மேலதான் பாடகர் குழுவோட மைக் தொங்குது. சபை சிரிக்கிற இடத்துலயெல்லாம் அண்ணன் சிரிப்பும் சேர்ந்தே விழுந்திருக்கு.”

“அழிச்சிடுங்க” என்றேன். “எல்லாத்தையும். இப்பவே, என் கண்ணு முன்னாடி.”

அவர் கணினிப் பக்கம் திரும்பவில்லை. “வீட்டுல வேற ஏதாவது இருக்காக்கா? அண்ணன் சிரிக்கிற மாதிரி?”

யோசித்துப் பார்த்தேன். போட்டோ என்றால் அவர் விறைத்துப்போய் நிற்பார், அடையாள அட்டைக்கு நிற்கிற மாதிரி. ஒரு கல்யாண வீடியோவில் இருக்கிறார். அதில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார், மேலே யாரோ பாட்டுப் போட்டு மூடிவிட்டார்கள். அந்தப் பெரிய சிரிப்புக்கு இந்த உலகத்தில் வேறு இடமே இல்லை. இதை அழித்தால் அவ்வளவுதான். அது எனக்கு அந்த நிமிடம்தான் உறைத்தது. உறைத்தும், “இல்ல, அழிங்க” என்றேன். என் வாய் அப்படி.

“சரிக்கா, அழிச்சிடறேன். அதுக்கு முன்னாடி ஒரு தடவ முழுசாக் கேட்டுடுங்க. நான் ஒவ்வொண்ணுலயும் ஒரு சத்தத்த வெட்டி எடுத்துட்டுத்தான் போட்டிருக்கேன்.”

“என்ன சத்தம்?”

அவர் போதகரைப் பார்த்தார். போதகருக்கும் தெரியவில்லை. “உங்க சத்தம்க்கா” என்றார் ஒயர்காரர்.

என் காதில் ஒரு ஹெட்ஃபோனை மாட்டப் போனார். “வேண்டாம், எல்லாரும் கேக்கட்டும்” என்றேன். என்ன வரப்போகிறது என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

முதலில் போதகரின் பழைய ஜோக் ஒன்று. அது முடிந்ததும் அமைதி. மெய்யாகவே அமைதி, ஒரு இருமல்கூட இல்லை. அப்புறம் விசில், முழக்கம், இழுவை. அவர் மட்டும்தான் சிரிக்கிறார், தன்னந்தனியாக. அது தேய்ந்து நின்றதும் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற மாதிரி, கூர்மையாக ஒரு ‘உஷ்’. அது நான். அதற்கு அடுத்த நொடி ஆலயமே வெடித்துச் சிரித்தது.

“இன்னொண்ணு போடுங்க” என்றேன்.

இன்னொன்றிலும் அப்படியே. ஜோக், அமைதி, அவர், நான், அதன் பிறகு சபை. ஒயர்காரர் ஒவ்வொன்றாக ஓட்டினார். ஈஸ்டரா, சாதாரண ஞாயிறா, அறுப்பின் பண்டிகையா, எதிலும் மாற்றம் இல்லை. என் ‘உஷ்’ விழாமல் ஒருவரும் சிரிக்கவில்லை. ஒன்றில் நான் ஏதோ யோசனையில் தாமதித்திருக்கிறேன் போலிருக்கிறது. அவர் சிரித்து முடித்துவிட்டார். சபை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அந்த ஒலிப்பதிவிலேயே தெரிகிறது. பெஞ்சு கிறீச்சிடுகிறது. யாரோ ஒரு குழந்தை ஏதோ கேட்க, அதன் அம்மா “இரு, இரு” என்கிறாள். அப்புறம் நான் ‘உஷ்’ என்கிறேன். கூரை அன்றைக்கே விழாமல் இருந்தது ஆச்சரியம்தான்.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. முப்பது வருடம். அந்த மனிதரின் வாயை அடைத்து ஆலயத்தின் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அத்தனை பேரும் வாரா வாரம் காத்திருந்தது எனக்காக. சிரிக்க வைத்தவள் நான். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. ஜோக் வரப்போகிறது என்றால் ஓரக்கண்ணால் என்னைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்தப் பார்வைக்கு நான், பயப்படுகிறார் என்று அர்த்தம் பண்ணி வைத்திருந்தேன்.

ஆனால் அந்த அறையில் என்னைவிடப் பெரிய அடி வாங்கியவர் ஒருவர் இருந்தார். போதகர் நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

“அப்போ என் ஜோக்குக்கு யாருமே சிரிக்கலையா?” என்றார்.

ஒயர்காரர் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தார். “அண்ணன் சிரிச்சாரே பாஸ்டர்.”

“அவர் எதுக்கு வேணும்னாலும் சிரிப்பார்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் போதகரின் முகத்தைப் பார்த்தேன். பாவமாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பரீட்சையில் தோற்றவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

எழுந்தேன். “அழிக்க வேண்டாம்” என்றேன். “ஆனா இனிமே பிரசங்கத்துல சேர்க்காதீங்க. வெட்டினதைத் திரும்ப ஒட்டி, அப்படியே வெச்சிருங்க.” ஒயர்காரர் தலையாட்டினார். வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது ஒரு ஆட்டோக்காரர் என்னைத் திட்டிவிட்டுப் போனார். அது எனக்கு அப்புறம்தான் நினைவுக்கு வந்தது, அவ்வளவு தூரம் நிலைகுலைந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து அவர் போட்டோவுக்கு எதிரே நின்று நன்றாகத் திட்டினேன். விறைப்பாகவே கேட்டுக்கொண்டார். இனி அந்த ஆலயத்தில் முகத்தைக் காட்டுவதில்லை, வேறு சபைக்குப் போய்விடுவது என்று முடிவு பண்ணினேன். நாத்தனாரிடம் சொன்னபோது அவள் அழவில்லை.

“அண்ணி, கேலியாச் சிரிச்சிருந்தா ரெண்டு வாரத்துல அலுத்துப்போயிருக்கும். யாராவது முப்பது வருஷம் கேலி பண்ணுவாங்களா?” என்றாள். “நான் சின்னப் பிள்ளையில இருந்து ஆராதனைக்கு எதுக்கு ஓடி வந்தேன்னு நினைக்கிறீங்க? பிரசங்கத்துக்கா?”

“கடவுளுக்குன்னு சொல்லு.”

“கடவுளும் அதுக்குத்தான் வந்திருப்பார்” என்றாள். அண்ணனுக்கு ஏற்ற தங்கச்சி. நான் காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் டூட்டி முடிந்து வந்து வீடியோவைப் பார்த்தேன், அதில் சிரிப்பு இல்லை. ஜோக்கும் இல்லை. போதகர் தாளைப் பார்த்து வாசித்தார், தலையை நிமிர்த்தவே இல்லை. நான் ஆசைப்பட்ட மாதிரியே எல்லாம் அடக்கமாக, பயபக்தியாக இருந்தது. பாதியில் எனக்குக் கண் சொக்கிவிடும்.

கூரை முடிந்து ஆலயம் திறந்த ஞாயிறன்று, கடைசி ஒரு தடவை என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். கடைசி பெஞ்சில் ஒளிந்து உட்கார்ந்து, ஜெபம் முடிந்ததும் ஓடிவிடுவது என்பது என் திட்டம். ஆனால் கடைசி பெஞ்சுக்கு எப்போதும் அடிதடிதான். பின்னாலிருந்து முன்னால்வரை எல்லா பெஞ்சும் நிரம்பிக் கிடக்க, மூன்றாம் பெஞ்சு மட்டும் காலியாக இருந்தது. யாரும் உட்காராமல் விட்டிருந்தார்கள். நாத்தனார் பாடகர் குழுவுக்குப் போய்விட்டாள். நான் என் வழக்கமான இடத்தில் உட்கார்ந்தேன். இடது பக்கம் அவர் இடம். அங்கே என் கைப்பையை வைக்கலாமா என்று யோசித்து, மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

புதுப் பெயின்ட் நாற்றம். தலைக்கு மேலே அதே மைக். போதகர் தாளை வைத்து வாசித்தார். கீழ்ப்படியாத தீர்க்கதரிசியை மீன் விழுங்கிய கதை. வாசித்துக்கொண்டே வந்தவர் பழக்கதோஷத்தில் தாளை விட்டு நிமிர்ந்துவிட்டார்.

“மூணு நாள் கழிச்சு வீட்டுக்குப் போறார். மனைவி கேக்கறா, ‘வெளிய சாப்பிட்டீங்களா?’ன்னு…”

அந்த இடத்தில் அவர் கண் என் மேல் விழுந்தது. நிறுத்தவும் முடியாது, பாதி சொல்லியாயிற்று. செத்த குரலில் முடித்தார். “‘இல்ல, என்னைத்தான் சாப்பிட்டாங்க’ன்னாராம்.”

அமைதி. ஒலிப்பதிவில் கேட்ட அதே அமைதி. போதகரின் காது சிவந்தது. தாளைத் தேடினார், அது கீழே விழுந்துவிட்டிருந்தது. பின்னால் ஒரு பெஞ்சு கிறீச்சிட்டது. எனக்குப் புரிந்தது, அவர்கள் காத்திருக்கிறார்கள். அவர்களுக்கே தெரியாமல் காத்திருக்கிறார்கள். முதல் சத்தம் இனி வராது. என்றைக்கும் வராது. அது வராத அந்த இடைவெளி அவ்வளவு நீளமாக இருந்தது. அவரைப் புதைத்த அன்றைக்குக்கூட எனக்கு இப்படி வலிக்கவில்லை.

என் தலை தானாக இடது பக்கம் திரும்பியது. கை தானாக நீண்டு வெறும் பலகையைக் கிள்ளியது.

“உஷ்” என்றேன்.

அது ஆலயம் முழுவதும் கேட்டது. நான் அப்படியே உறைந்துபோனேன். ஆளில்லாத இடத்தைப் பார்த்து அதட்டியிருக்கிறேன், அதுவும் பிரசங்கத்தின் நடுவில். பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. போதகர் திறந்த வாய் மூடாமல் நின்றார். யாரும் அசையவில்லை. பாடகர் குழுவில் நாத்தனார் முந்தானையை வாயில் அடைப்பதைப் பார்த்தேன். அவள் கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது, தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

முதலில் பின்னாலிருந்து ஒரு மூக்குச் சத்தம். அப்புறம் எல்லாரும். பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டு போதகர் சிரித்தார், தன் ஜோக்குக்கு அல்ல. புதுக் கூரையில் பட்டு அது திரும்பி வந்தது.

அத்தனைக்கும் மேலே, மிகக் கிட்டத்தில், ஒரு குரல் மட்டும் கட்டுக்கு அடங்காமல் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்குரல், கரகரப்பாக, மேலே ஏறி உடைந்து உடைந்து விழுந்தது. குரலை வைத்துப் பிழைக்கிறவள் நான். எத்தனையோ ஆயிரம் குரல் கேட்ட இந்தக் காதுக்கு அது யாருடையது என்று பிடிபடவில்லை. யார் இந்த வெட்கம் கெட்டவள் என்று சுற்றுமுற்றும் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாயைப் பொத்தினேன், விரலிடுக்கில் வழிந்தது.

நிறுத்த முடியவில்லை. இடது பக்கம் திரும்பினேன். எனக்கு ‘உஷ்’ சொல்ல அங்கே யாரும் இல்லை.